திரும்பாத விமானங்கள் விட்டுப்போன சேதி

1950 டிசம்பர் 13. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்து மலைச்சரிவில் ஏர் இந்தியாவின் டக்கோட்டா விமானம் ஒன்று மோதி நொறுங்கியது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் ஆபிரகாம் வால்டு என்ற புள்ளியியல் அறிஞரும் அவர் மனைவியும் இருந்தார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் வால்டு. இந்திய அரசின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவாற்ற வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 48.

விமானத்தில் இறந்த அறிஞர்கள் பலர் உண்டு. வால்டைத் தனித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்கள் உடம்பெல்லாம் துளையோடு திரும்பி வந்தன. துளை அதிகமாக உள்ள இடத்தில் இரும்புக் கவசம் போடலாம் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. வால்டின் கணக்கு வேறு மாதிரி ஓடியது. இவை திரும்பி வந்த விமானங்கள். எஞ்சினில் துளை குறைவாகத் தெரிகிறது என்றால், எஞ்சினில் அடிபட்டவை திரும்பி வரவே இல்லை என்று பொருள். ஆகவே துளை இல்லாத இடத்தைக் கவனி. இந்தக் கதை சொல்லிச் சொல்லிப் பிற்காலத்தில் மெருகேறிவிட்டது. அவர் எழுதியதென்னவோ நிகழ்தகவுச் சூத்திரங்கள் நிரம்பிய குறிப்புகள்தான். ஆனால் அவற்றின் சாரம் அதுவே. திரும்பாத விமானங்களைக் கணக்கில் சேர்க்கக் கற்றுக்கொடுத்தவர், திரும்பாத விமானம் ஒன்றில் போனார்.

விபத்து விசாரணை என்பதும் திரும்பாதவற்றிடம் கேள்வி கேட்கும் துறைதான். அதன் அறிக்கைகள் 'உத்தேசக் காரணம்' என்ற தலைப்பில் ஒரு பத்தியோடு முடிவது அமெரிக்காவில் மரபு. 'உத்தேசம்' என்ற சொல்லில் ஓர் அடக்கம் உண்டு: கிடைத்த சான்றுகள் இவ்வளவு, அவை காட்டுவது இது, நாளை வேறு சான்று வந்தால் மாற்றிக்கொள்வோம். புரொப்பெல்லர் விமானங்களின், அதாவது விசிறி சுழன்று இழுத்துச் செல்லும் விமானங்களின், நூறாண்டு விபத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. காரணம் யாருக்குமே தெரியாமல் நடந்த விபத்துகள் சிலவே. பல விபத்துகளில் காரணம் எங்கோ ஒரு மேசையில், ஒரு கணக்குத் தாளில், ஒரு கருவியின் முள்ளில் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தெரிய வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

முதல் மரணம்

வரிசையின் தொடக்கத்திலேயே விசிறிதான் நிற்கிறது. 1908 செப்டம்பர் 17 அன்று வர்ஜீனியாவின் ஃபோர்ட் மையர் மைதானத்தில் ஆர்வில் ரைட் அமெரிக்க ராணுவத்துக்குத் தம் விமானத்தைப் பறந்து காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ். விசிறிகள் புதியவை, முந்தியவற்றைவிடச் சற்று நீளமானவை. மைதானத்தைச் சில சுற்று சுற்றியபின் வலப்புற விசிறியின் மரத்தகடு ஒன்று பிளந்தது. தகடு பிளந்தால் எடை ஒருபக்கம் சாயும்; எடை சாய்ந்தால் அதிர்வு கூடும். அந்த அதிர்வில் விசிறி தன் இடத்திலிருந்து விலகி, பின்புறச் சுக்கானைத் தாங்கிப் பிடித்திருந்த கம்பியில் அடித்தது. கம்பி அறுந்ததும் சுக்கான் சாய்ந்தது, விமானம் மூக்குக் குப்புற விழுந்தது. மண்டை உடைந்த செல்ஃப்ரிட்ஜ் அன்றிரவே இறந்தார். எஞ்சின் விமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவர். கால் எலும்பும் விலா எலும்பும் முறிந்த ஆர்வில், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே காரணத்தைத் தேடத் தொடங்கினார்.

'விசிறி உடைந்தது' என்பதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் பிளந்த தகடு, கூடிய அதிர்வு, அறுந்த கம்பி, சாய்ந்த சுக்கான் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போனால்தான், எந்தக் கண்ணியை வெட்டினால் விமானம் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியும். விபத்து விசாரணையின் இலக்கணம் அந்த மைதானத்திலேயே பிறந்துவிட்டது.

மரமும் பசையும்

1931 மார்ச் 31. கன்சாஸ் மாநிலத்தில் பசார் என்ற சிற்றூருக்கு அருகே ஃபோக்கர் எஃப்-10 வகைப் பயணியர் விமானம் ஒன்றின் இறக்கை வானிலேயே பிய்ந்து விழுந்தது. எட்டுப் பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் நோட்டர் டேம் பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி. அன்றைய அமெரிக்காவில் அவரை அறியாத வீடு இல்லை.

அக்காலத்தில் விபத்துக்கான காரணத்தை அரசு வெளியே சொல்வதில்லை. இறந்தவர் ராக்னி என்பதால் நாடே பதில் கேட்டது. அந்த இறக்கை மரச்சட்டத்தின்மேல் ஒட்டுப்பலகை போர்த்திப் பசையால் இணைத்தது. உள்ளே ஈரம் புகுந்து பசை விட்டுப்போயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது; பலகையைப் பெயர்க்காமல் உள்ளே பார்க்க வழியில்லை. இந்தக் குறை வெளிவந்தபின் மர இறக்கை விமானங்களில் ஏறப் பயணிகள் அஞ்சினார்கள். முழுக்க உலோகத்தாலான விமானம் வேண்டும் என்று டிடபிள்யுஏ நிறுவனம் விவரம் எழுதி அனுப்பியது. டக்ளஸ் நிறுவனம் செய்து கொடுத்த டிசி-1, டிசி-2 ஆகியவற்றின் வழியில் வந்ததுதான் டிசி-3. நாம் டக்கோட்டா என்று அழைத்தோமே, அதே விமானம்.

திரும்பி வந்து சொன்ன ஒன்று

வால்டின் பாடம் தலைகீழாக நடந்த சம்பவமும் உண்டு. 1947 அக்டோபர் 24 அன்று லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் நிறுவனத்தின் டிசி-6 விமானத்தில் நடுவானில் தீப்பிடித்தது. யூட்டா மாநிலத்தின் பிரைஸ் கேன்யன் விமானத் தளத்துக்கு எப்படியாவது போய்விட விமானி முயன்றார். ஓடுபாதைக்குச் சற்று முன்னால் விமானம் விழுந்தது. 52 பேரும் மாண்டனர். கருகிய துண்டுகளை வைத்துக்கொண்டு, தீ எங்கே பிறந்தது என்று விசாரணையாளர்கள் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 11 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-6 ஒன்றில் அதே மாதிரி தீ. இம்முறை விமானி நியூ மெக்சிகோவின் கேலப்பில் பத்திரமாக இறக்கிவிட்டார். அனைவரும் பிழைத்தார்கள். அதைவிட முக்கியம், விமானமும் பிழைத்தது. பாதி எரிந்த அந்த உடலைப் பார்த்ததும் புதிர் அவிழ்ந்தது. பறக்கும்போது ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு எரிபொருளை மாற்றினால், நிரம்பிய தொட்டி காற்றுக்குழாய் வழியே வழிந்தது. வழிந்த பெட்ரோல் உடலோடு பின்னோக்கி ஓடியது. அதன் பாதையில்தான் பயணியர் அறையைச் சூடாக்கும் ஹீட்டருக்குக் காற்று இழுக்கும் வாய் இருந்தது. எரியும் அடுப்புக்குள் பெட்ரோல் ஆவி போனால் என்ன ஆகும்? டிசி-6 விமானங்கள் சில மாதங்கள் தரையில் நிறுத்தப்பட்டு, குழாயின் இடமும் முறையும் மாற்றப்பட்டபின் பறந்தன.

தொட்டியை வடிவமைத்தவர் தம் வேலையைச் சரியாகச் செய்தார். ஹீட்டரை வடிவமைத்தவரும் சரியாகச் செய்தார். ஒருவர் வாசலில் கொட்டுவது மற்றவர் வாசலில் வழிகிறதா என்று பார்க்க ஆளில்லை.

பம்பரம் தலையாடினால்

எலெக்ட்ரா. லாக்ஹீட் நிறுவனம் செய்த நான்கு டர்போபிராப் எஞ்சின் விமானம். ஜெட் யுகம் வாசற்படியில் நின்ற வேளையில், விசிறி விமானத்தின் உச்சம் இதுவே என்று பேசப்பட்டது. 1959 செப்டம்பர் 29 அன்று டெக்சாஸின் பஃபலோ ஊருக்கு மேலே, வாங்கிச் சில நாட்களே ஆன எலெக்ட்ரா ஒன்று வானில் சிதறியது, 34 பேர். 1960 மார்ச் 17 அன்று இண்டியானாவின் டெல் சிட்டி அருகே இன்னொன்று, 63 பேர். இரண்டிலும் இறக்கை கழன்று போயிருந்தது. இரண்டிலும் சொல்லும்படியான பழைய கோளாறு இல்லை.

எல்லா எலெக்ட்ராக்களையும் தரையில் நிறுத்து என்று குரல்கள் எழுந்தன. விமான நிர்வாகத் தலைவர் எல்வுட் கெசாடா வேகத்தை மட்டும் குறைக்கச் சொன்னார். அந்த முடிவு இன்றும் விவாதத்துக்குரியது. இதற்கிடையே லாக்ஹீடும் நாசாவின் லாங்லி ஆய்வகமும் மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார்கள்.

கண்டதைப் புரிந்துகொள்ளப் பம்பரம் ஒன்று போதும். நிமிர்ந்து சுழலும் பம்பரத்தை விரலால் இலேசாகத் தட்டினால் அது தட்டிய பக்கம் சாய்வதில்லை. தலை ஒரு வட்டம் போடத் தொடங்கும். சுழலும் விசிறியும் அப்படித்தான். எஞ்சினைப் பிடித்திருக்கும் தாங்கிகள் விறைப்பாக இருந்தால் அந்தத் தலையாட்டம் உடனே அடங்கிவிடும். தாங்கி தளர்ந்திருந்தால் ஆட்டம் வளரும். வளர வளர அதன் வேகம் தணிந்து, கடைசியில் இறக்கை இயல்பாக மேலும் கீழும் அசையும் தாளத்தோடு ஒன்றிவிடும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் உயரே போவதுபோல் இறக்கை ஆடி ஆடி, சில நொடிகளில் முறிந்தது. தாங்கிகளும் இறக்கையும் பலப்படுத்தப்பட்டன. எலெக்ட்ரா அதன்பின் பல பத்தாண்டுகள் பறந்தது; அதன் வழிவந்த ஓரியான் விமானம் கடற்படைகளில் நெடுங்காலம் பணிசெய்தது.

இந்தத் தலையாட்டம் 1960-இல் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல என்பதுதான் இதில் உறுத்துவது. எஞ்சின் அதிர்வைப் பற்றி 1938-லேயே டெய்லர், பிரவுன் என்ற இருவர் எழுதிய ஆய்வில் இது கணக்காகவே இருந்தது. அன்றைய விமானங்களின் எஞ்சின் தாங்கிகளுக்கு இது ஆபத்தாகத் தோன்றாததால் ஏட்டுச் சுரைக்காயாகக் கிடந்தது. சுரைக்காய் கறிக்கு ஆகும் காலம் வந்தபோது ஏட்டைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை.

தெரிந்தும் சொல்லாத உயரம்

1956 ஜூன் 30 காலை லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு விமானங்கள் கிழக்கே புறப்பட்டன. ஒன்று டிடபிள்யுஏவின் சூப்பர் கான்ஸ்டெலேஷன், மற்றது யுனைடெட்டின் டிசி-7. கிராண்ட் கேன்யனுக்கு மேலே 21,000 அடி உயரத்தில் ஒன்றையொன்று மோதின. 128 பேர் இறந்தனர். ஒருவரையொருவர் உரிய நேரத்தில் பார்க்கவில்லை என்பது அதிகாரபூர்வமான உத்தேசக் காரணம்.

அதற்கு ஒரு படி மேலே போனால்தான் விஷயம். இரு விமானங்களும் ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்தப் பகுதியைக் கடக்கும் என்ற தகவல் தரைக் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தது. ஆனால் அது கட்டுப்பாடற்ற வான்பரப்பு; அங்கே விமானிகளை எச்சரிக்கும் கடமை கட்டுப்பாட்டாளருக்கு இல்லை. கண்ணால் பார்த்து விலகிக்கொள்வது விமானியின் பாடு. மணிக்கு முந்நூறு மைலில் பறக்கும் இரு பெருவிமானங்களை மேகத் திட்டுகளுக்கு இடையே ஒற்றையடிப் பாதை விதியில் விட்டிருந்தார்கள். 1958-இல் அமெரிக்காவில் வான்வழி முழுவதற்கும் பொறுப்பான தனி நிர்வாகம் உருவானதில் இந்த விபத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மலைகளின் கதையும் இதற்குத் தூரமில்லை. வால்டு இறப்பதற்குச் சரியாக நாற்பது நாள் முன்பு, 1950 நவம்பர் 3 அன்று, அதே ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ வழியாக ஜெனீவாவுக்குப் போகும்போது மோசமான வானிலையில் மான் பிளாங் மலையில் மோதியது. 48 பேர். எஞ்சின் ஓடுகிறது, இறக்கை சரியாக இருக்கிறது, விமானி விழிப்போடு இருக்கிறார். ஆனால் தாம் இருப்பதாக நினைக்கும் இடத்தில் அவர் இல்லை. கோத்தகிரி விபத்தும் வழி கணித்ததில் நேர்ந்த பிழையாகவே பதிவாகியிருக்கிறது. 1966 ஜனவரியில் அதே மான் பிளாங்கில், ஏறத்தாழ அதே இடத்தில், ஏர் இந்தியாவின் போயிங் ஜெட் மோதி ஹோமி பாபா உட்பட 117 பேர் இறந்தார்கள். மலை நகர்வதில்லை. மலை எங்கே என்பது விமானிக்குத் தானாகத் தெரியவரும் எச்சரிக்கைக் கருவிகள் அதற்குப் பிறகுதான் பரவலாயின.

பனியும் அப்படி ஒன்று. 1994 அக்டோபர் 31 அன்று இண்டியானாவின் ரோஸ்லான் அருகே ஏடிஆர்-72 விமானம் ஒன்று உறைமழையில் வட்டமடித்துக் காத்திருந்தது. இறக்கையின் முன்விளிம்பில் படியும் பனியை உடைக்க உப்பி உப்பி அடங்கும் ரப்பர் உறைகள் உண்டு. பெரிய நீர்த்துளிகளோ அந்த உறைக்குப் பின்னால் போய் வரப்பாக உறைந்தன. இறக்கை நுனியின் திருப்பும் தகடு தானாகப் புரண்டு விமானம் கவிழ்ந்தது. 68 பேர் இறந்தனர். கவசம் இருந்த இடத்தைத் தாண்டி அடி விழுந்தது.

'விமானி பிழை' என்ற முற்றுப்புள்ளி

எதுவும் பிடிபடாதபோதும், சில வேளை எல்லாம் பிடிபட்டபோதும், அறிக்கைகள் ஒதுங்கும் நிழல் 'விமானி பிழை'. பெரும்பாலான சமயம் அது பொய்யல்ல. ஆனால் அங்கே முற்றுப்புள்ளி வைத்தால் அடுத்த விமானிக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம், ராணுவத்தின் முன்னிலையில் கிளம்பிய வேகத்தில் விழுந்து எரிந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் சுக்கான் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பூட்டு உண்டு. அதை விடுவிக்காமலே கிளம்பியிருந்தார்கள். இறந்த இருவரும் தேர்ந்த விமானிகள். நல்ல விமானிகளைத் தேடு என்று ராணுவம் முடிவெடுக்கவில்லை. ஒரு மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு வேலைகள் பெருகிவிட்டன என்று புரிந்துகொண்டு, செய்ய வேண்டியவற்றை அட்டையில் எழுதிக் கொடுத்தது. சரிபார்ப்புப் பட்டியல் இப்படித்தான் பரவலானது. அதே விமானம்தான் பிற்பாடு பி-17 என்ற பெயரில் போருக்குப் போனது.

போரில் பி-17 இன்னொரு பாடத்தைக் கொடுத்தது. பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது விமானிகள் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிற்றால் தேய்ந்து நின்றது. களைப்பு, கவனக்குறைவு என்று முதலில் சொன்னார்கள். ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான பிடியும் இறக்கை மடலுக்கான பிடியும் பக்கத்துப் பக்கத்தில், தொட்டால் வித்தியாசம் தெரியாதபடி இருந்தன. சக்கரப் பிடியின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம், மடல் பிடியின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு வைத்தார். வேலை முடிந்தது. இன்றும் பயணியர் விமானங்களின் சக்கரப் பிடி சக்கர வடிவில் இருப்பது இதனால்தான்.

எண்பதாண்டு கழித்து, 2023 ஜனவரி 15. காட்மாண்டுவிலிருந்து போகராவுக்கு வந்த எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர்-72, அந்த மாதம்தான் திறந்த புதிய விமான நிலையத்தை நெருங்கியது. இறக்கை மடலை இறக்கும்படி ஒரு விமானி கேட்டார். மற்றவர் ஒரு பிடியை நகர்த்தினார். நகர்ந்தது மடல் பிடியல்ல, விசிறித் தகடுகளைக் கட்டுப்படுத்தும் இரட்டைப் பிடி.

இங்கே விசிறியின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். பனையோலை விசிறியை அகலவாக்கில் வீசினால் காற்று வரும். விளிம்பைக் காட்டி வீசினால் கை சுலபமாகப் போய்வரும், காற்றுதான் வராது. விமான விசிறியின் தகடுகளையும் இப்படித் திருப்பலாம். எஞ்சின் செத்துவிட்டால் நின்ற விசிறி காற்றைத் தடுத்து விமானத்தை இழுக்கும். அதைத் தவிர்க்கத் தகடுகளின் விளிம்பைக் காற்றுக்குக் காட்டும்படி வைப்பார்கள். போகராவில் நலமாக ஓடிய இரு எஞ்சின்களின் விசிறிகளும் அந்த நிலைக்குப் போயின. எஞ்சின் உறுமியது, உந்துவிசை இல்லை. 72 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பழக்கமில்லாத ஓடுபாதை, தாழ்வான சுற்று, மிகுந்த வேலைப்பளு ஆகியவற்றையும் விசாரணை குறிப்பிட்டது. பிடிகளின் உருவம் வேறு வேறுதான். அவசரத்தில் கை அதைப் படிக்கவில்லை. ரப்பர் சக்கரமும் ஆப்பும் எல்லாக் காலத்துக்கும் போதும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது எச்சரிக்கை.

தைவான் தலைநகர் தைபேயின் சொங்ஷான் நிலையத்தில் 2015 பிப்ரவரி 4 அன்று கிளம்பிய டிரான்ஸ்ஏசியாவின் ஏடிஆரில் நடந்தது இதன் மறுபக்கம். வலப்புற விசிறி கோளாறால் தானாக விளிம்பு காட்டி நின்றது. பதற்றத்தில் விமானி நலமாக இருந்த இடப்புற எஞ்சினை நிறுத்திவிட்டார். 58 பேரில் 43 பேர் இறந்தனர்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் விசாரணை

அதே சொங்ஷான், ஜப்பானியர் ஆண்ட காலத்தில் தைஹோகு. 1945 ஆகஸ்ட் 18 அன்று அங்கிருந்து கிளம்பிய ஜப்பானியக் குண்டுவீச்சு விமானத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இருந்தார். தரையை விட்டு எழும்பியதும் பெருஞ்சத்தத்தோடு ஓர் எஞ்சின் விசிறியோடு கழன்று விழுந்தது, விமானம் எரிந்தது, நேதாஜி தீக்காயத்தால் இறந்தார் என்பது பிழைத்தவர்களின் சாட்சியம். 1956-இல் ஷா நவாஸ் குழுவும் 1974-இல் கோஸ்லா ஆணையமும் இதை ஏற்றன. 2005-இல் முகர்ஜி ஆணையம் மறுத்தது. அந்த முடிவை அரசு ஏற்கவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஏராளமான தமிழர்கள் சேர்ந்திருந்ததால் இந்தக் கேள்வி தமிழ் வீடுகளிலும் பல தலைமுறை பேசப்பட்டது. ஓர் எஞ்சின் ஏன் கழன்றது என்பது பொறியியல் கேள்வி. உடனே, அந்த இடத்திலேயே, நடுநிலையானவர்கள் கேட்டிருக்க வேண்டியது. பதினோராண்டு கழித்துக் கேட்டபோது அது நம்பிக்கையைப் பற்றிய கேள்வியாக மாறியிருந்தது.

ஐ.நா. பொதுச்செயலர் டாக் ஹாமர்ஷெல்டு 1961 செப்டம்பரில் வடக்கு ரொடீசியாவின் ண்டோலா அருகே டிசி-6 விமானம் விழுந்து இறந்ததும் இதே வகை. காலனி அரசின் விசாரணை விமானியைக் கைகாட்டியது. ஐ.நா. விசாரணை முடிவைத் திறந்தே விட்டது. அரை நூற்றாண்டு கடந்து ஐ.நா. மறுபடி விசாரிக்க வேண்டி வந்தது.

விபத்தே அல்லாதவையும் விபத்தாகத்தான் முதலில் தோன்றும். பாண்டுங் மாநாட்டுக்குச் சீனப் பிரதிநிதிகளை ஏற்றிச்சென்ற ஏர் இந்தியாவின் 'காஷ்மீர் பிரின்சஸ்' 1955 ஏப்ரல் 11 அன்று நதுனா தீவுகள் அருகே கடலில் விழுந்தது. 19 பேரில் மூவரே பிழைத்தார்கள். கடலிலிருந்து எடுத்த துண்டுகள், ஹாங்காங்கில் வைத்த நேரவெடிகுண்டைக் காட்டிக்கொடுத்தன. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன்ஏர் அன்டோனோவ்-24 மன்னார்க் கடற்பரப்பில் 55 பேரோடு மறைந்தது. பயணியரில் பெரும்பாலோர் தமிழர். விடுதலைப் புலிகளின் ஏவுகணைக்கு அது இலக்கானது எனக் கருதப்படுகிறது. சிதைவு கடலடியில் கண்டெடுக்கப்பட்டது 2012-இல்தான். பதினான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு துண்டு உலோகம்கூடச் சாட்சி சொல்லவில்லை.

விசாரணையின் நோக்கம் விபத்தைத் தடுப்பது, குற்றம் சுமத்துவது அல்ல என்று சர்வதேச சிவில் விமான அமைப்பின் பதின்மூன்றாம் இணைப்பு சொல்கிறது. இந்தியாவில் ஒழுங்குமுறை அமைப்பிலிருந்து பிரித்து விபத்து விசாரணைக்கென்றே தனிப் பணியகம் அமைந்தது 2012-இல். விதி எழுதுபவரே விபத்தையும் விசாரித்தால், தம் விதியில் உள்ள ஓட்டை அவர் கண்ணில் படுவது அரிது.

ஒரு தகட்டின் வரலாறு

விசிறித் தகட்டில் தொடங்கிய கதையை இன்னொரு விசிறித் தகட்டில் நிறுத்தலாம். 1995 ஆகஸ்ட் 21 அன்று அட்லாண்டாவிலிருந்து கல்ஃப்போர்ட் சென்ற எம்ப்ரேயர்-120 விமானம் 18,000 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது இடப்புற விசிறியின் நான்கு தகடுகளில் ஒன்று முறிந்து பறந்தது. எஞ்சின் பிடியிலிருந்து பிதுங்கி இறக்கையின் முகப்பில் தொங்கியது. ஒன்பது நிமிடம் போராடிய விமானிகள் ஜார்ஜியாவின் கேரல்ட்டன் அருகே வயல்வெளியில் இறக்கினார்கள். 29 பேரில் பெரும்பாலோர் பிழைத்தனர். கேப்டன் உட்படச் சிலர் பிழைக்கவில்லை.

முறிந்த முகத்தைப் பார்த்தால், அலை வடிந்த மணலில் தெரிவதுபோன்ற வரிகள். ஒரு நாளில் வந்த முறிவல்ல, பறக்கப் பறக்க வளர்ந்த விரிசல். அலுமினியத் தண்டின் நடுவே எடையைச் சமன்செய்ய ஈய இழை அடைக்கும் துளை உண்டு. அந்த ஈயத்தை மூடி வைத்த தக்கை, வெளுப்பதற்குக் குளோரின் ஊட்டப்பட்டது. குளோரின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரித்துச் சிறு குழிகள் ஏற்படுத்தியது. குழியிலிருந்து விரிசல் பிறந்தது.

இது புதிதல்ல. 1994 மார்ச்சிலேயே கனடாவிலும் பிரேசிலிலும் இதே வகைத் தகடுகள் முறிந்தன. அந்த விமானங்கள் பத்திரமாக இறங்கின. திரும்பி வந்தவை சொன்னதைக் கேட்டு, எல்லாத் தகடுகளையும் மீயொலிக் கருவியால் சோதிக்கச் சொன்னார்கள். பின்னாளில் முறியப்போகும் இந்தத் தகட்டையும் சோதித்தார்கள். கருவி இது சரியில்லை என்று காட்டியது. தகடு பழுதுபார்க்கும் கூடத்துக்குப் போனது. அங்கிருந்த தொழிலாளி துளைக்குள் குழாய்க்கண்ணாடி விட்டுப் பார்த்தார், விரிசல் தெரியவில்லை. தமக்குத் தரப்பட்டிருந்த குறிப்பின்படி உட்பரப்பை உரசி வழவழப்பாக்கினார். அந்தக் குறிப்போ வேறு வகைத் தடத்துக்காக எழுதியது. மறுபடி கருவியை வைத்தபோது அது ஒன்றும் சொல்லவில்லை. விரிசல் அங்கேயேதான் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்த தடயம் மட்டும் போய்விட்டது. தகடு இன்னொரு விமானத்தில் ஏறியது. விசாரணை அந்தத் தொழிலாளியோடு நிற்கவில்லை. அவருக்குக் கொடுத்த பயிற்சி, அவர் கையில் இருந்த குறிப்பு, ஒரு பிரிவு கற்றதை இன்னொரு பிரிவுக்குச் சொல்லாத நிர்வாகம் எல்லாவற்றையும் உத்தேசக் காரணத்தில் சேர்த்தது.

துளை இல்லாத இடத்தைப் பார் என்றது வால்டின் கணக்கு. அந்தத் தகட்டில் இருந்த விரிசலைக் கருவி ஒருமுறை கண்டிருந்தது. உப்புத்தாள் அதன் தடயத்தைத் தேய்த்து எடுத்த பிறகு, சான்றிதழில் அது குறையே இல்லாத தகடு.